லேசர்தான் முதலில் கண்ணை மூடியது

தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை. கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய் என்றாலும், வருகிற தைப்பூசத்தில் பாதிப் படியிலேயே என் முழங்கால் மடங்கட்டும்.

மூன்று வாரமாக என் கார் சாவி மகள் சாந்தினியின் கைப்பைக்குள் கிடக்கிறது. காரணம், எங்கள் வீட்டு கேட் தூண். ஒரே மாதத்தில் மூன்று முறை அது வந்து என் காரில் மோதிவிட்டது.

"தூண் எப்படிப்பா நடந்து வரும்? உங்களுக்கு ஓரப் பார்வை போகுது லா. தாத்தாவுக்கும் கிளாக்கோமா இப்படித்தான் ஓரத்துலேருந்து ஆரம்பிச்சிச்சு. கண்ணை ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட்டைக் காட்டுங்க, காடி சாவி தர்றேன்."

"நாப்பது வருசம் பிறை தொழிற்பேட்டையில லாரி ஓட்டினவன் நான்!"

"லாரின்னா எல்லாரும் ஒதுங்கிருவாங்க. தூண் ஒதுங்காது."

சரி, கண் கிளினிக்குக்குப் போனேன். ஸ்கேன் எடுக்கும் ரோஹானா என் தாடையை மெஷினில் வைக்கச் சொன்னாள்.

"அங்கிள், உள்ளே பச்சைப் புள்ளி தெரியுதா? அதையே பாருங்க. லேசர் உங்க கண் நரம்பை அடுக்கடுக்கா படம் எடுக்கும். வலிக்காது. ரெண்டு செகண்டு சிமிட்டாம இருந்தா போதும்."

ரெண்டு செகண்டா! கன்னத்தில் அலகு குத்தி மலையேறியவனிடம் பேசுகிற பேச்சா இது? நான் சிமிட்டவில்லை. ரோஹானா வெளியே போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்தாள், அப்போதும் சிமிட்டவில்லை. ஒன்றரை மணிக்கு மெஷின் சூடேறி, லேசர் தானாக அணைந்தது.

கெலுகோர் கிளையிலிருந்து இன்னொரு மெஷினை ஏற்றி வந்தார்கள். அதன் லேசர் என் கண்ணுக்குள் நுழைந்து, பின்மண்டை வழியே வெளியேறி, சுவரில் தொங்கிய காலண்டரையும் படம் எடுத்தது. பள்ளி விடுமுறைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

டாக்டர் யுகேந்திரன் ஓடிவந்து பார்த்தார். "ஐயா, இது நரம்பா, பினாங்குப் பாலத்துக் கம்பியா? இதுல கிளாக்கோமா எங்கே வந்து உட்காரும்?"

ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, ஒரு குறையும் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொல்லி டாக்டரே வைத்துக்கொண்டார். அதனால்தான் என் கையில் காகிதம் இல்லை.

சாந்தினியிடம் இதைச் சொல்லிக் கையை நீட்டினேன். "எடு சாவியை."

"சிமிட்டவே இல்லையாப்பா?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவள் கைப்பேசியில் வந்திருந்த குறுஞ்செய்தியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அந்தக் கிளினிக்கில் எனக்குக் கொடுத்திருக்கும் முதல் அப்பாயின்ட்மென்ட், வருகிற புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு.