கடைசி வரியில் இருந்த ஒவ்வாமை

ஆங்கில எழுத்துத் தேர்வில் இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள் அந்த நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் மாதக் கடைசிக்குள் கைக்கு வர வேண்டும். மூன்றாம் முறையும் தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

குறை சொற்களில்தான் என்று அவளாகவே முடிவுகட்டினாள். தினம் இருபது புதுச் சொல். சீட்டில் எழுதி ஒட்டுவாள், வேலைக்குக் கிளம்புமுன் ஒப்பிப்பாள். ஃப்ரிட்ஜ், அலமாரி, ஜன்னல் கம்பி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"கண்ணாடியில என் மூஞ்சியக் காணோம். நான் சவரம் பண்றதா, பரீட்சை எழுதறதா?" என்றான் கணவன்.

"படிச்சிக்கிட்டே பண்ணுங்க. உங்களுக்கும் நாலு வார்த்தை ஏறட்டும்."

தேர்வில் எழுத வேண்டியது ஒரு கடிதம். நோயாளியைப் பற்றிக் குறிப்புகள் தருவார்கள். அவரை அடுத்துக் கவனிக்கப் போகும் நர்ஸுக்கு எழுத வேண்டும். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் பயிற்சிக் கடிதம் ஒன்றை நாத்தனாரிடம் நீட்டினாள். அவளும் நர்ஸ்தான், வேறு வார்டு. வாய் கொஞ்சம் நீளம்.

"நகைக்கடை பொம்மை மாதிரி ஜோடிச்சிருக்கீங்களே அண்ணி!"

"கிண்டல் அப்புறம். எத்தனை மார்க் தருவ?"

"மார்க்கு கிடக்கட்டும். கடிதத்துல இருக்கற இந்த ஆளு என் வார்டுக்கு வந்தாச்சுன்னு வைங்க. புண்ணு சீழ் பிடிச்சிருக்கு. டாக்டர் பென்சிலின் எழுதினாரு, போட்டுட்டேன்."

"ஐயோ, அது அவருக்கு ஒத்துக்காதே! எழுதியிருக்கேனே!"

"எங்க?"

கடைசி வரியில் இருந்தது.

"நான் அங்க வந்து சேர்றதுக்குள்ள ஊசி ஏறிடுச்சு அண்ணி."

அவளுக்குச் சுருக்கென்றது. வார்டில் பணி மாற்றிக்கொடுக்கும்போது அவள் வாயில் முதலில் வருவதே அதுதான்: ஆள் யார், அவருக்கு எது ஆகாது. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. ஆறு புதுச் சொல்லுக்கு இடம் பிடிக்கப்போய் நோயாளியையே ஓரங்கட்டியிருக்கிறாள்.

அன்று மாலை சீட்டுகளை எல்லாம் உரித்தெடுத்து மேசையில் பரப்பினாள். இதைக் கட்டிலருகே நின்று இன்னொரு நர்ஸிடம் சொல்வேனா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அறுநூற்றில் நூற்றைம்பதுதான் தேறியது. அதைவிட, 'வீக்கம் வடிந்திருக்கிறது', 'காயக்கட்டு ஈரம் கோத்திருக்கிறது' என்பதற்கெல்லாம் ஆங்கிலம் தெரியாமல் இத்தனை நாள் சுற்றிவளைத்து எழுதியதும் அப்போதுதான் உறைத்தது. மிச்ச நாட்களில் அந்தச் சொற்களைத் தேடிப் படித்தாள்.

தேர்வில் வந்தவர் இடுப்பெலும்பு முறிந்த முதியவர். ஆகாத மருந்து இரண்டாம் வரியிலேயே உட்கார்ந்தது. முடித்துப் பார்த்தால் கடிதம் குட்டையாகத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் தாளை நிரப்பித் தள்ளிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கை பரபரத்தது; பகட்டான சொற்கள் நாலைந்து வரிசைகட்டி வந்து நின்றன. அவள் குறிப்புகளுக்கே திரும்பிப் போனாள். இடது காது மந்தம் என்று ஓரத்தில் இருந்ததை விட்டிருந்தாள். வலப்பக்கம் நின்று பேசுங்கள் என்று எளிதாகச் சேர்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

வாசலில் நாத்தனார் காத்திருந்தாள். "என்ன எழுதினீங்க?"

"எழுபத்திரண்டு வயசு, இடுப்பு ஆபரேஷன் ஆகி அஞ்சு நாள். ஆஸ்பிரின் ஆகாது. வாக்கர் பிடிச்சுப் பத்தடி நடக்கறாரு, படியேற பயப்படறாரு. இடது காது கேக்காது, வலப்பக்கம் நின்னு பேசணும்."

பணியை ஏற்றுக்கொள்ளும் நர்ஸைப் போல நாத்தனார் தலையாட்டினாள். "சரி, நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்."