பாதித் துரு

போல்ட் அசைந்து கொடுக்கவில்லை. என் பழைய மோட்டார் சைக்கிளின் வலது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கிக்கரின் மிதிக்கிற தண்டு முழுவதும் உடைந்து போய், அடிப்பாகம் மட்டும் கட்டைவிரல் நீளத்துக்கு ஷாஃப்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால்தான் புதியதை மாட்ட முடியும். பொடியன் எனக்குப் பின்னால் நின்று, நான் கையை நீட்டும்போதெல்லாம் கேட்காமலே சரியான சாமானை எடுத்து வைத்தான். சனிக்கிழமை மத்தியானம். குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கிற இடத்தில், எங்களைத் தவிர யாரும் இல்லை.

பொடியன் என் மனைவியின் தம்பி. வீட்டின் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர். முப்பத்தெட்டு வயதும் நூற்றுப்பதினெட்டு கிலோவும் ஆன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் புதிதாக வந்தவர்கள் ஒரு சின்ன உருவத்தைத் தேடுவார்கள். அவன் எழுந்து வருவான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். பஸ் நிலையத்தை ஒட்டி சாவிக் கடை வைத்திருக்கிறான். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு அரவை மெஷின், பலகையில் ஆணிக்கு ஆணி தொங்கும் வெற்றுச் சாவிகள், அவ்வளவுதான். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் அவன் எப்படிப் போய் உட்காருகிறான் என்பது எங்கள் வீட்டுப் பழைய வேடிக்கைகளில் ஒன்று.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகச் சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் ஆம்பளைகள் எல்லோரும் வண்டியைப் பார்க்கக் கீழே இறங்கினார்கள். என்னைவிட வயதில் மூத்த வண்டி. நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்க்கிற எனக்கு, நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி இருந்த ஒரே சொத்து அது. என் மனைவியின் பெரியப்பா, "எங்கே, சத்தத்தைக் கேப்போம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி, "மச்சான், நீ ஒரு மிதி மிதி" என்றேன்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். வாங்கிய பதினோரு வருஷத்தில் நான் அந்த வண்டியை அவனிடம் கொடுத்ததே இல்லை. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, நான் சொன்னபடி கிக்கரை மெல்ல அழுத்தி, இறுக்கம் வந்ததும் விட்டு, பிறகு எழும்பி மிதித்தான். டப் என்று ஒரு சத்தம். தண்டு முறிந்து தரையில் விழுந்தது. அவன் கால் தடுமாறி, முழங்காலுக்குக் கீழே கால் வைக்கிற கம்பியில் உரசி, வண்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பேன்ட் கிழிந்து ரத்தம் வந்தது.

ஒரு நொடி எல்லோரும் அவன் காலையே பார்த்தார்கள். அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தேன்.

"வண்டிக்கு லைசென்ஸ் இருக்கு மச்சான், லோடு ஏத்தத்தான் பர்மிட் இல்ல!"

அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் நான் கேட்டதில்லை. பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தரையில் உட்கார்ந்திருந்த பொடியனும், உடைந்த தண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தான். பஞ்சோடு இறங்கி வந்த என் மனைவி, "வாயைக் கட்டு வாயைக் கட்டுன்னு எத்தனை தடவைடா சொல்றது! இரும்பே தாங்கல, உடம்பு எப்படித் தாங்கும்?" என்று திட்டிக்கொண்டே காலைத் துடைத்துவிட்டாள். என் மகள் அந்த லோடு வசனத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் வெளியூரில் இருக்கிற சொந்தங்கள்கூட அதற்குச் சிரிப்பு அனுப்பியிருந்தார்கள்.

உண்மை இதுதான். அதற்கு நாலு மாதம் முன்னால் பெட்ரோல் பங்கில், எண்ணெய் சிந்திக் கிடந்த இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டேன். கிக்கர் திண்டில் இடித்து உள்ளே வளைந்துவிட்டது. அன்று காலையில்தான் என் மனைவி, "அந்தப் பழைய இரும்பை வித்துத் தொலைங்க, என்னைக்காவது உங்களையே கீழ தள்ளும்" என்று சொல்லியிருந்தாள். அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைக் கிக்கரில் சொருகி, பலத்தை எல்லாம் கூட்டி இழுத்து நிமிர்த்தினேன். நிமிரும்போது உள்ளே எதுவோ நொறுங்குகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். வளைவில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. அதன்மேல் வெள்ளி பெயின்ட் அடித்தேன். அதன்பிறகு ஒருநாளும் நான் அதை மிதிக்கவில்லை. வாசல் சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அன்றைக்கு அவனை ஏன் மிதிக்கச் சொன்னேன்? பத்துப் பேருக்கு முன்னால் உருட்டிக் கிளப்பக் கூச்சமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குமேல் அந்தக் கேள்விக்குள் போகவில்லை.

பொடியன் மறுநாளே போன் செய்தான். "மாமா, நான் உடைச்சதை நானே வாங்கித் தரேன். உடைஞ்ச துண்டு எங்கிட்டதான் இருக்கு, அளவுக்கு வச்சுக்கறேன். ஷாஃப்ட்ல எத்தனை பல்லுன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க." அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரி மச்சான், எண்ணிச் சொல்றேன்" என்றேன். தினமும் கடையை நேரத்தோடு மூடிவிட்டு, அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய இரும்புக் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினான். நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்தான். சாப்பிடச் சொன்னதற்கு, ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டதாகச் சொன்னான். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள் என் மனைவி. நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

கடைசியில் போல்ட் இளகியது. முழுவதும் உருவி எடுத்து, போல்ட் இறுக்கிப் பிடித்திருந்த பிளவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு அகட்டி, பின்னாலிருந்து மெல்லத் தட்டியதும் அடிப்பாகம் கழன்று கையில் விழுந்தது. "குடுங்க மாமா" என்று பொடியன் வாங்கிக்கொண்டான். பையிலிருந்து உடைந்த தண்டை எடுத்து, இரண்டு முறிவையும் ஒன்றோடொன்று பொருத்தினான். அது அவனுடைய தொழில் பழக்கம். முறிந்த சாவியை அப்படித்தான் பொருத்தி அளவெடுப்பான். பொருத்திவிட்டு, திரும்பப் பிரித்துப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

முறிவில் ஒரு பாதி புது இரும்பாகப் பளபளத்தது. மறுபாதி பழுப்பேறிக் கறுத்த துரு. துருவின் விளிம்பில், உள்ளே இறங்கிக் காய்ந்த வெள்ளி பெயின்ட். குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி இருந்தது. அவனோ இருபது வருஷமாக உடைந்த சாவிகளையே பார்க்கிறவன். பதினைந்து நாளாக இதைப் பையில் சுமந்து திரிந்தவன். என் காது மடல் சுட்டது. அவன் இரண்டையும் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தான்.

ஷாஃப்ட்டின் பற்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். அவன் கொண்டுவந்த கிக்கர் அளவு பிசகாமல் ஏறியது. முதல்முறை கீழே அழுத்தும்போது கால் வைக்கிற கம்பியில் இடித்தது. கழற்றி, ஒரு பல் மேலே தள்ளி மாட்டினேன். இடிக்கவில்லை. போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி டீ கொண்டுவந்தாள். "டேய், நீ அந்தத் தூண்கிட்டப் போய் நில்லு. இன்னொண்ணு தேட ஊர்ல கடை பாக்கி இல்ல" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தூண்வரைக்கும் போய் நின்றான். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அவன் நிஜமாகவே போய் நின்றான்.

அவள் மேலே போனதும், ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"மச்சான், அந்த முறிவைப் பாத்தியா?"

"ம்."

"எப்ப?"

"அன்னைக்கே. அக்கா காலைத் தொடைக்கிறப்போ கையில அதானே இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே இப்பதான் உடைஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க மாமா. நான் எதிர்த்துக் கேக்கறதில்ல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் நாளாயிடுச்சு. நாளான பிறகு நான் சொன்னா, குண்டன் சாக்குச் சொல்றான்னு ஆயிடும்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றான். "அன்னைக்கு என்னைக் கூப்பிட்டீங்களே. தெரிஞ்சா கூப்பிட்டீங்க?"

'தெரியாது' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் காலைப் பார்த்தேன். பேன்ட்டுக்குள் கட்டு புடைத்துக்கொண்டிருந்தது.

"உடையும்னு நினைச்சுக் கூப்பிடல. ஆனா உடைஞ்சா அது நானா இருக்கக் கூடாதுன்னு மனசுல ஒரு மூலையில இருந்திருக்கு மச்சான்."

தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "டீ ஆறுது மாமா" என்றான்.

படிக்கட்டில் நின்று என் மனைவியைக் கூப்பிட்டேன். மகளையும் கூப்பிட்டேன். காகிதத்தைப் பிரித்து இரண்டு துண்டையும் அவர்கள் முன்னால் வைத்து, பெட்ரோல் பங்கில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் ஒப்பிக்கிற பாடம் மாதிரி கடகடவென்று வந்தது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். "நான் என்னென்ன பேசினேன்டா" என்றாள். அவன், "விடுக்கா" என்றான். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். மகள் மட்டும் அங்கேயே நின்று, போனை எடுத்துக் கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். குழுவில் போட்டதை அவ்வளவு நாள் கழித்து அழிக்க முடியாது. "மாமா," என்று தொடங்கினாள். போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பொடியன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நான் கிளம்பறேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரன் பாத்துக்கிறான்."

"இரு மச்சான், வண்டியில விடறேன்."

"வேணாம் மாமா, நடந்தா நல்லது."

அவன் வாசலைத் தாண்டுவதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று அவசரமாக மிதித்தேன். முதல் இரண்டு மிதிக்கு இருமிவிட்டு அடங்கியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தெருவில் இறங்கி, முதல் கியரிலேயே, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நடை வேகத்தில் போனேன். அவன் திரும்பவில்லை. வலது காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தான். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கவும் இல்லை, முந்தவும் இல்லை. முனையில் சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் அவன் நின்றான். நானும் ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் வண்டிகள் வழி விட்டபாடில்லை. என் பின் சீட் காலியாக அதிர்ந்துகொண்டிருந்தது.