ஆற்று மணல் அத்தியாயம்

“அட்டையில என் பேரு வரணும். அப்பதான் கம்ப்யூட்டர்ல கைய வெப்பேன்.”

தம்பின் டவுனிலிருந்து வரும் வழியெல்லாம் மங்கம்மா மகளிடம் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே, இது கோயில் காரியம். மாதவி கோயில் ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் முதலில் கேட்டதே அதைத்தான்.

கோயில் தலைவர் சிவசிதம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய கிராணியின் மகன். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்து ஜனங்கள் டவுனுக்குப் போன பிறகும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். மாதவி மட்டும் அங்கிள் என்பாள்.

“கும்பாபிஷேக மலருக்கு ஆரும் பேர் கேக்கிறதே, பிள்ளை? முதல்ல புத்தகத்தைக் கண்டுபிடியும். பிறகு பாப்பம்.”

பழைய ஆட்களைத் தேடித் தேடி வீடு வீடாய் அலைந்து, மலருக்காகக் கோயிலின் வரலாற்றை எழுதியவள் மாதவி. எழுதியது எல்லாம் கோயில் கணினியில், அவளே போட்டுக் கொடுத்த எழுத்து மென்பொருளில் இருந்தது. வழக்கம்போல டத்தோ பட்டம் வாங்கியவர், வக்கீல், டாக்டர் என்று வாழ்த்துரைகள் படத்தோடு வந்து குவிய, பக்கம் தாங்கவில்லை. குறைக்க உட்கார்ந்த செயலாளர் சசிதரன் மொத்தப் புத்தகத்தையும் அழித்துவிட்டார். சுத்தமாக இருக்கட்டுமே என்று குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டியது.

“நா ஒரு பட்டன்தான் தட்டுனேன் லா,” என்றார் சசிதரன்.

“அந்த ஒண்ணே போதும் அங்கிள்.”

மாதவி பென்டிரைவைச் செருகினாள். அதிலிருந்தது பல்கலைக்கழகத்தில் அவளே எழுதிய நிரல். அந்த எழுத்து மென்பொருள் ஒவ்வொரு முறை மூடும்போதும் யாருக்கும் சொல்லாமல் ஒரு நகலை ஒதுக்கி வைக்கும். நிரல் அந்த நகல்களையெல்லாம் தானே திறந்து பார்த்து, அழிந்து போனதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கும். அதற்கு அவள் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருந்தாள். காலியான மார்ஜரின் டப்பாவைக்கூட வீசத் தெரியாதவள் மங்கம்மா.

தலைப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்து வந்தன. வாழ்த்துரைகளும் வந்தன. சசிதரனுக்குப் போன உயிர் திரும்பியது. கடைசியில் ஒன்று மட்டும் தனியாக வந்து நின்றது: ‘ஆற்று மணல்’.

“இது நீங்க அழிச்சதில்ல,” என்றாள் மாதவி. “தைப்பூசத்துக்கு முந்தின நகல்லதான் இருக்கு. அப்பவே யாரோ எடுத்திருக்காங்க.”

சசிதரன் தலைவரைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார் சிவசிதம்பரம். “எங்கட அப்பா லாரி குடுக்கேல்லை எண்டு கோயில் மலரில எழுதுறதோ?”

“அவரு குடுக்கலையே.”

கிராணி தோட்டத்து லாரியைத் தர மறுத்ததும், பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து முடித்த பெண்கள் ஆற்று மணலைத் தலையில் சுமந்து வந்து கருவறை கட்டியதைத்தான் அவள் எழுதியிருந்தாள். அத்தனை பேரின் பெயரும் அதில் இருந்தது.

சிவசிதம்பரம் குரலை இறக்கினார். “சரி, பிள்ளை. அட்டையில உம்மட பேரைப் பெரிசாப் போடுவம். அந்த அத்தியாயம் மட்டும் வேண்டாம்.”

கேட்டது கிடைத்துவிட்டது. மாதவி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மங்கம்மா திரைக்குக் குனிந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“பஞ்சாலை... எங்க அத்தை பேருடி. வள்ளியம்மாவையும் போட்டிருக்கியே.”

ஐயா இருக்கும் இடத்தில் அம்மா இவ்வளவு உரக்கப் பேசி மாதவி கேட்டதில்லை. மாதவி விசைகளைத் தட்டினாள்.

“என்ன செய்யிறீர்?” என்றார் சிவசிதம்பரம்.

“வாழ்த்துரை எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு அங்கிள். டத்தோ சிரிச்சது சிரிச்சபடி இருக்காரு. நா எழுதுனத நா எடுத்துக்கிட்டேன். மந்தின் டவுன்ல பிரஸ் வெச்சிருக்காளே என் கூட்டாளி ரோகினி, அவளுக்கு அனுப்பியாச்சு. தனிப் புத்தகமா வரும்.”

“அப்ப மலர்ல என்னதாம்மா இருக்கும்?” என்றார் சசிதரன்.

“வாழ்த்து.”

“உம்மட பேர் வேண்டாமோ?” என்றார் சிவசிதம்பரம்.

“உள்ள எங்கயாச்சும் இருக்கும். அட்டையில மணல் சுமந்தவங்க பேரு வருது.”

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மாதவி வெளியே நடந்தாள். பின்னாலேயே அம்மாவின் செருப்புச் சத்தம் வந்தது. எப்போதும் வாசலில் நின்று சொல்லும் ‘போயிட்டு வரேங்க ஐயா’ மட்டும் வரவில்லை.