சாக்கு இல்லாத தோல்வி

திண்டிவனத்தை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில் ரோபோ குழுவுக்கு வழிகாட்டியாக வெனிலா வந்து ஒரு வருஷம் ஆகியும் மாணவர்கள் அவளை மதிக்கவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். சின்னத் தப்புக்கும் எரிந்து விழுவாள். நன்றாக ஓடுகிற ரோபோ வண்டியையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டச் சொல்வாள்.

குழுத் தலைவன் தென்னரசு ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "யார் மேலயோ இருக்கற கோவத்த எங்க மேல காட்டிக்கினு இருக்கீங்க மேடம். யாரு அது?"

வெனிலா மழுப்பவில்லை.

"விருத்தாசலம். விழுப்புரத்துல நான் வேலை பார்த்த காலேஜ்ல துறைத் தலைவரு. நான் செஞ்ச ரோபோவ தன்னோடதுன்னு மேடையில காட்டிப் பரிசு வாங்கினாரு. கேட்டதுக்கு, நான்தான் திருடினேன்னு வெளிய தள்ளினாரு. இந்த வருஷம் போட்டி அங்கதான். அந்தாள அந்தாள் எடத்துலயே தோக்கடிக்கணும். அதுக்குத்தான் உங்கள இந்தப் பாடு படுத்தறேன்."

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கும் அந்த வெறி தொற்றிக்கொண்டது.

இறுதிச் சுற்றில் இரண்டு கல்லூரிகளும் நேருக்கு நேர் வந்தன. தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக ஓடி முடிக்க வேண்டும். தொடங்கும் முன் தென்னரசு அவள் காதருகே வந்தான்.

"மேடம், அவங்க வண்டியில ஒரு வயர புடுங்கி வுட்டுட்டேன். உங்களுக்காகத்தான்."

வெனிலாவுக்கு இனித்தது. விருத்தாசலம் அசடு வழிய நிற்பதை மனசுக்குள் பார்த்தும்விட்டாள். அடுத்த நிமிஷமே பகீரென்றது.

"வயர புடுங்கித்தான் ஜெயிச்சாங்கன்னு காலம் பூரா சொல்லிக்கினு திரிவான்டா. அந்தச் சாக்க அவனுக்கு நான் குடுக்க மாட்டேன். வா."

நடுவரிடம் அவனைச் சொல்ல வைத்தாள். "என் பசங்க பண்ணதுக்கு நான்தான் பொறுப்பு. வெளிய அனுப்பறதா இருந்தாலும் அனுப்புங்க" என்றாள்.

விருத்தாசலம் சிரித்தார். "அதே திருட்டு புத்தி. பசங்களுக்கும் கத்துக்குடுத்துட்டா."

"புடுங்குனது நான் சார்." தென்னரசு முன்னால் வந்தான். "ஒத்துக்க வெச்சதுதான் மேடம்."

வயரை மாட்டிச் சரிபார்த்த பிறகு, திண்டிவனத்து வண்டி தாமதமாகக் கிளம்ப வேண்டும் என்று நடுவர் தண்டனை விதித்தார். விழுப்புரத்து வண்டி முன்னால் பறந்தது. கடைசி வளைவில் வேகம் தாங்காமல் கோட்டை விட்டு விலகிச் சுற்றியது. பின்னால் வந்த வண்டி கோட்டை விடாமல் வளைந்து போய் முடித்தது.

பிள்ளைகள் கத்தினார்கள். வெனிலா விருத்தாசலத்தின் முகத்தை மட்டும் ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவர் வந்து கை நீட்டினார். "வாழ்த்துகள்மா. பழசையெல்லாம் மறந்துடலாம்."

"எனக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நீட்டின கையை அவர் தென்னரசு பக்கம் திருப்பினார். அவனும் கையைப் பின்னால் கட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற மாணவியும் கட்டினாள். பிறகு மொத்தக் குழுவும்.