ஒன்று விட்டு ஒன்று

மருத்துவமனை நடையில் கிடந்த பெஞ்சில் மகளை உட்காரவைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. சட்டைத் தொழிற்சாலையில் பேக்கிங் மேஜைக்காரி அவள். வேலை தொடங்குமுன் தன் விரல்களையும் அப்படித்தான் நீவிக்கொள்வாள். இன்றைக்கு அரை நாள்தான் விடுப்பு. ஒரு மணிக்கு மேஜையில் நிற்க வேண்டும்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பொடிசு. பிறந்ததிலிருந்தே சிறுநீரகம் சரியில்லை. நடந்தது மூன்று வயதில், பேசியது நாலில். அம்மாவின் சிறுநீரகம் ஒன்று அவளுக்குள் போய்ப் பதினோரு மாதமாகிறது. அதன்பிறகு பிள்ளை சரியான வாயாடி. அம்மாவுக்கு அதில் சொல்லி மாளாத பெருமை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: கையும் புத்தியும் ஈடுகொடுக்கும் என்று மருத்துவமனைக் கடிதம் வந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. போன சோதனையில் ஒரு பொத்தானைக்கூட அவளால் போட முடியவில்லை. அன்றைக்கே அம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பாவின் சட்டைகளைக் கொட்டிவைத்து, ஆறு மாதமாகச் சாயங்காலமெல்லாம் பயிற்சி.

"நீங்க வாயே திறக்கக் கூடாதும்மா," என்று சொல்லித்தான் சோதிக்கும் மேடம் இருவரையும் உள்ளே விட்டார்.

பொடிசு ஒற்றைக்காலில் நின்றாள். ஒன்பது கட்டைகளை அடுக்கினாள். சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் ஒரு சட்டை வந்தது. மேடம் கடிகாரத்தை அமுக்கினார். "பொத்தானெல்லாம் போடு பாக்கலாம்."

முதல் பொத்தான். மூன்றாவது. ஐந்தாவது. சட்டையைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள் பொடிசு. "அடுத்தது குடுங்க!"

மேடத்தின் பேனா தாளின் மேல் நின்றது. ஆறு மாதமும் தான் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேடம், தப்பு என்னோடது. பெட்டிக்குப் போற சட்டைக்கு ஒண்ணு விட்டு ஒண்ணுதான் போடுவோம். என் கை பழக்கம், அதையே கத்துக்குடுத்துட்டேன்."

"பாப்பா, ஆறும் போடுவியா?"

"போடுவேன். ஆனா நேரமாகும். சூப்பர்வைசர் கத்துவாரு."

"இங்க யாரும் கத்த மாட்டாங்க. நீ போடு."

ஆறையும் போட்டாள். அடியில் தொங்கிய பிசிறு நூலையும் சுண்டி அறுத்தாள். மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"வயசுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் இருக்கா. ஆனா இந்த வேகத்துல போனா எட்டிப் பிடிச்சிடுவா. தாராளமா ஸ்கூல்ல சேருங்க."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். கீழே தனியாக இரண்டு வரி: மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க விட வேண்டும். கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும்.

"இது ரெண்டும் முக்கியம். உங்களுக்கும்தாம்மா," என்றார் மேடம். "உங்களுக்கும் இப்ப கிட்னி ஒண்ணுதானே."

வாசலில் சைக்கிளோடு காத்திருந்த அப்பா கடிதத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். நேரே பள்ளிக்கூடம்தான். பொடிசு தன் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள்.

"நீ வச்சுக்கம்மா. எனக்கு ஸ்கூல்ல குடுப்பாங்க. லெட்டர்ல போட்டிருக்குல்ல."

தொழிற்சாலை வாசலில் காவலாளி பாட்டிலை வாங்கி, மற்ற பாட்டில்களோடு அலமாரியில் வைத்தார். "துணி நனைஞ்சா என் தலைதான் உருளும், தெரியாதா உனக்கு?"

ஒரு மணிக்கு அம்மா மேஜையில் நின்றாள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் மரவில்லை முப்பது பேருக்கும் ஒன்றுதான். அது மாட்டும் ஆணி காலியாக இருந்தது. முதல் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பொத்தான், மூன்றாவது, ஐந்தாவது. அடுத்த சட்டைக்குக் கையை நீட்டினாள்.