சிவப்புக் கண் கொக்கு

உமையாள் நீட்டிய விசிறியை ஜெர்லின் வாங்கவில்லை.

"பிடிச்சுப் பாருடி, கடிக்காது" என்றாள் உமையாள்.

அவள் பரமக்குடியிலிருந்து பஸ் ஏறித் தங்கச்சிமடத்துக்கு, ஜெர்லின் வீட்டுக்கு வந்ததே இதைக் காட்டத்தான். ஜெர்லின் கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். பழைய விசிறி, சரிகை வைத்த குடை, ஊசிக்கூடு என்று தேடித் தேடிச் சேர்க்கும் உமையாளின் பைத்தியத்தைக் கேலி செய்தாலும், கதை கேட்க அவளை விட்டால் ஆள் கிடையாது. உமையாளிடம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை இருந்தது. இந்த விசிறிக்குச் சொந்தக்காரி, பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில், வராத ரயிலுக்காகக் காத்திருந்த சீமாட்டி. கறுப்புப் பட்டில் வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்தது. அதன் கண் மட்டும் சிவப்பு நூல். அது அழுது சிவந்த கண் என்று உமையாள் முடிவு கட்டியிருந்தாள்.

"எங்கன வாங்குன?" ஜெர்லின் கொக்கின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாம்பன்ல, சதக் பாய் கடையில. இந்தா, இதுவும் அங்கனதான்." உமையாள் நடுவிரலை ஆட்டிக் காட்டினாள். தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டும் வெள்ளிக் கவசம். அதைப் போட்டுக்கொண்டுதான் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறாள். இன்று சும்மா அழகுக்காக மாட்டி வந்திருந்தாள்.

"அந்தக் கண்ணத் தச்சது நான்" என்றாள் ஜெர்லின். "ஏழாவது படிக்கையில. வீட்டுல கறுப்பு நூல் இல்ல, செவப்புல தச்சுட்டேன். அம்மா ஒரு வாரம் திட்டுச்சு."

"அம்மாவோடதா? பெறகு ஏன்டி வித்தீங்க?"

"விக்கல. பெட்டியில அம்மா கையில வச்சு அனுப்புனேன்."

விசிறி உமையாளின் கையில் கனத்தது. ஜெர்லினின் அம்மா ஜெபமாலையம்மா இறந்தபோது அவள் வெளியூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வர முடியவில்லை.

"மண்ணுக்குள்ள போனது எப்பிடிடி வெளிய வரும்?" என்றாள். கேட்டு முடித்த பிறகுதான் அதற்குரிய பதில் இருவருக்கும் உறைத்தது. ஜெர்லின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கடையில் சதக் பாய் குடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தாயி. ஒங்களுக்குன்னே ஒரு டப்பா ஒதுக்கி வச்சிருக்கேன். என்ன, பேரம் பேச இன்னிக்குத் தொணைக்கு ஆளா?"

"எங்கம்மா குழியத் தோண்டுனது யாரு?" என்றாள் ஜெர்லின்.

அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. விசிறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அல்லா மேல ஆணையா, கல்லறை, மையவாடிப் பக்கமெல்லாம் போற யாவாரி நான் இல்லம்மா. ஒங்க மாதா கோயில்ல பழைய மரச் சாமானக் கழிச்சுப் போட்டாக. தேக்காச்சேன்னு எடுத்தேன். பலகை பலகையாத்தான் வந்துச்சு. பூசச் சாமான் வைக்கிற அலமாரின்னு நெனச்சேன். அடிப்பலகையில வெல்வெட்டு மெத்த தச்சிருந்துச்சு. ஓரத்துக் கிழிசலுக்குள்ள கையவிட்டா ஒண்ணொண்ணா வருது. இந்தா, குடையெல்லாம் அதே பலகையிலதான அடுக்கியிருக்கேன்."

ஜெர்லின் குடைகளை ஒதுக்கினாள். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் பாதிச் சிலுவை. மீதிப் பாதி பக்கத்துப் பலகையில் தலைகீழாக இருந்தது.

"தூம்பா" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னது?"

"எங்க ஊர்ல ஆளாளுக்குப் பெட்டி கெடையாதுடி. கோயில்ல ஒரே பெட்டிதான், தூம்பான்னு சொல்லுவோம். அதுல வச்சுத் தூக்கிட்டுப் போவாக. ஆளை மட்டும் குழியில எறக்கிட்டு, பெட்டி திரும்பி வந்துரும். அடுத்த ஆளுக்கு."

பெட்டி என்றால் மண்ணுக்குள் போவது என்றே உமையாள் நினைத்திருந்தாள். "ஒனக்குத் தெரியும்ல. பெறகு எப்பிடி…"

"நான் எங்க கல்லறைக்குப் போனேன்? கோயில் வாசல்லயே மயங்கி விழுந்துட்டேன். கையில இருந்தது கையோடதான் எறங்கியிருக்கும்னு நெனச்சேன்."

"எங்க பள்ளிவாசல்ல ஆளத் தூக்கிட்டுப் போற சந்தூக்கு மாதிரியா" என்று சதக் பாய் மெதுவாகச் சொன்னார். பலகையிலிருந்து ஓர் அடி விலகி நின்றார். பிறகு குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தார்.

யாரும் குழியைத் தோண்டவில்லை. உமையாளுக்கு மூச்சு வந்தது. ஜெர்லினுக்கு வரவில்லை.

"கடைசியில அம்மாவுக்கு ஒரே புழுக்கம்டி. ஃபேன் ஓடுறப்பவும் விசிறு விசிறுங்கும். அங்கன யாரு விசிறுவான்னுதான் கையில வச்சேன். இத்தன வருசமா வெறுங்கையோடயா கெடக்கு?"

சதக் பாய் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். "இதுவும் அதுல கெடந்ததுதான்மா."

கொக்கி ஊசி, எலும்பில் செய்த ஊசிக்கூடு, ஒற்றைக் கால் மூக்குக்கண்ணாடி. வழியெல்லாம் இந்த டப்பாவைப் பற்றித்தான் உமையாள் கனவு கண்டு வந்தாள்.

"கண்ணாடி எட்வின் தாத்தாவோடது" என்றாள் ஜெர்லின். "இந்த ஊசிக்கூடு…" பிறகு குழந்தைத் தலையில் மாட்டும் மஞ்சள் பூப்போட்ட சின்னக் கிளிப் ஒன்றை எடுத்தாள். யாருடையது என்று சொல்லவில்லை. டப்பாவை மூடினாள்.

உமையாள் தன் விரலைப் பார்த்தாள். "இது?"

"சூசையம்மா சித்தி. ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன் தச்சது அதுதான்."

உமையாள் கவசத்தை இழுத்தாள். வெயிலில் விரல் வீங்கியிருந்தது. திருகினாள், எச்சில் தொட்டு இழுத்தாள். வரவில்லை.

"டப்பாவ நானே சாமியார்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்துர்றேன். பலகையவும்" என்றார் சதக் பாய்.

கல்லறைத் தோட்டத்தில் உச்சி வெயில். ஜெர்லின் அம்மாவின் சிலுவைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து விசிறியை முழுவதுமாக விரித்தாள். உமையாள் அதை ஒருநாளும் பாதிக்கு மேல் விரித்ததில்லை. வீட்டில் தொடும்போதெல்லாம் துணிக் கையுறை மாட்டிக்கொள்வாள்.

ஜெர்லின் மணலுக்கு விசிறினாள். கடற்காற்று எதிரே அடித்தது. மூன்றாவது வீச்சிலேயே பழம்பட்டு மடிப்போரம் கிழியும் சத்தம் உமையாளுக்குக் கேட்டது. கொக்கின் இறக்கை இரண்டாகப் பிரிந்து தொங்கியது. நிறுத்து என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ஜெர்லின் நிறுத்தவில்லை.

உமையாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கை வலிச்சா எங்கிட்டக் குடு" என்றாள். "நானும் விசிறுறேன்."