நேசையா வந்தால் எந்திக்கிற ஊர்

இப்பல்லாம் வீட்டுக்கு ஆள் வந்தால் ஒருத்தனும் எந்திக்கிறதில்லை. போனைப் பார்த்துக்கிட்டே 'வாங்க' என்கிறான், அது போனில் இருக்கிறவனுக்கா நமக்கா என்று தெரியாது. பஸ்ஸில் வயசாளி கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் உட்கார்ந்திருக்கிறவன் ஜன்னலுக்கு வெளியே வயலைத்தான் பார்ப்பான், என்னமோ அவன் தாத்தன் நட்ட நாற்று மாதிரி. இப்படிப்பட்ட காலத்தில்தான் பூலாம்படுகையில் லைட் செட் போடுகிற நேசையா தெருவில் நடந்து வந்தால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எந்திச்சு நிற்கிறார்கள். படுத்துக் கிடக்கிற எருமையும் எந்திக்கும். டீக்கடை பெஞ்சில் தூங்குகிறவன் தூக்கம் கலையாமலே எந்திச்சு நிற்பான், நேசையா தாண்டிப் போனதும் அப்படியே உட்கார்ந்து மிச்சத் தூக்கத்தைத் தூங்குவான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணியிலிருந்து இது நடக்கிறது.

பூலாம்படுகை சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றை ஒட்டின சின்ன ஊர். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா நாலு வருஷமாக நின்று போயிருந்தது. கொடை அன்றைக்குப் பூசாரி யார் தலையில் முதலில் பரிவட்டத் துணியைக் கட்டுகிறாரோ அவர்தான் ஊரில் முதல் ஆள் என்று வழக்கம். ரைஸ்மில் பாலசுப்பிரமணியனும் பத்திரம் எழுதுகிற ஐயம்பெருமாளும் பங்காளிகள். ஒரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நீட்ட, துணி கிழிந்தது. ஆளுக்குப் பாதி இன்றைக்கும் அவரவர் பீரோவில் இருக்கிறது. அதற்கப்புறம் கோர்ட், போலீஸ், கோயிலுக்குப் பூட்டு. கடைசியில் சமாதானக் கூட்டம் போட்ட அதிகாரி, யாருக்கும் பரிவட்டம் கிடையாது, சம்மதமென்றால் சாவி தருகிறேன் என்றார். யாருக்கும் மரியாதை இல்லாமல் கொடை என்னத்துக்கு என்று ரெண்டு பேருமே எந்திச்சுப் போகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சொர்ணாம்பாள் டீச்சர் வாயைத் திறந்தாள். பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவள். "தமிழ்ல மரியாதை குடுத்தா முழம் போட்டு அளந்து பாப்பிய. இங்கிலீஷ்ல குடுப்போம், எது பெருசுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். கூட்டத்துக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்குப் படவில்லை, ஆனால் என்னை யாரும் கேட்கவும் இல்லை.

டீச்சர் தலையணை கனத்தில் ஒரு டிக்ஷனரியைக் கொண்டுவந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னாள். ஹானரபிள் என்றால் அந்த மரியாதை ஆளுக்கு இல்லை, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு. ஜட்ஜு, மந்திரிக்கெல்லாம் போடுவது. ஹானரரி என்றால் பதவி உண்டு, சம்பளம் கிடையாது. ரெஸ்பெக்டட் என்றால் கண்டதும் எந்திக்கத் தோன்றுகிற ஆள். எஸ்டீம்ட் என்பது கடுதாசித் தலைப்பில் எழுத மட்டும், வாயால் கூப்பிட ஆகாது. ரெவரெண்ட் பாதிரியார்மாருக்கு உள்ளது, அதைத் தொடவே கூடாது. இவ்வளவும் சொன்னாள், கேட்கத்தான் ஆளில்லை. பாலசுப்பிரமணியன் ஜட்ஜுக்குப் போடுவது எனக்கு என்று எடுத்துக்கொண்டார். ஐயம்பெருமாள், தன் தாத்தா காலத்தில் ஒரு ஹானரரி மாஜிஸ்ட்ரேட் குதிரை வண்டியில் போனதைக் கேள்விப்பட்டிருந்ததால், அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

நோட்டீஸில் ரெண்டு பேர் போட்டால் ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்தி ஆகிவிடும். வட்டமாக அச்சடிப்போம் என்று முடிவானது. வட்டத்துக்கு ரெண்டு பேர் போதவில்லை, எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மூணாவதாக ரெண்டு பக்கமும் சேராத ஆள் ஒருத்தன் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அம்மனுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு, அதாவது அவன் கோயிலுக்கு, போகிறவன் நேசையா. மிச்சமிருந்த ரெஸ்பெக்டட் அவனுக்குப் போனது. அவன் கூட்டத்துக்கே வரவில்லை.

மதியக் கொடைக்கு மூணு மைக் கட்டி, பூசாரி, டீச்சர், ரைஸ்மில் கணக்கர் மூணு பேரும் மூணு பெயரைப் பட்டத்தோடு ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஏணியில் நின்று பியூஸ் போன பல்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேசையா, கூப்பிடுகிறார்கள் என்று இறங்கி வந்தான். உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த ஊர் மொத்தமும் எந்திச்சது. அம்மனுக்கு எந்திச்சதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் எந்திச்சேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதனால் எந்திச்சேன்.

அன்றைக்கே பாலசுப்பிரமணியன் உட்கார்ந்த நாற்காலி தரையை விட்டு ஒரு சாண் மேலே போனது. மறுநாள் ரெண்டு சாண். மில்லில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும் அதே கதை. புரட்டாசி பிறப்பதற்குள் அவர் மின்விசிறியைக் கழற்றச் சொல்லிவிட்டார், சாப்பாட்டை ஒட்டடை அடிக்கிற கம்பில் தட்டைக் கட்டி மேலே நீட்டினார்கள். ஐயம்பெருமாள் கையில் பணம் தங்காமல் போனது. பத்திரம் எழுதிக் கொடுத்ததும் வாங்குகிற நோட்டு விரல் இடுக்கில் விரால் மீன் மாதிரி வழுக்கி, கொடுத்தவன் சட்டைப்பைக்கே போய்விடும். களக்காட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பத்திரம் எழுதிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து வசூல் பண்ண ஆரம்பித்ததும் அது சரியாகிப் போனது. மனுஷர் நல்லா எழுதுவார் என்ற பேரும் வந்தது.

கஷ்டப்பட்டது நேசையாதான். அவன் பொண்டாட்டி ஜெபராணி பீடி சுற்றுகிறவள். ரெண்டு முட்டியும் தேய்ந்து போய், காலையில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தால் மடியில் சுளவு முறத்தை வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்துதான் எந்திப்பாள். அவன் வாசல் மிதித்ததும் அவள் எந்திச்சாள். சுளவு விழுந்து இலையும் தூளும் வீடெல்லாம் சிதறியது. முட்டியில் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியே சொல்கிறாள். "ஏளா, நீ எந்திக்காத, உக்காரு" என்றான் அவன். "நானா எந்திக்கேன்? என்னைத் தூக்கி விடுதுல்லா" என்று அழுதாள். தண்ணீர் எடுக்கப் போய் வந்தால் ஒரு தடவை, சோப்பு வாங்கி வந்தால் ஒரு தடவை. மூணு நாள் பார்த்தான். நாலாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருக்கோடியில் பல்பும் வயரும் போட்டு வைக்கிற கொட்டகைக்குப் போய்விட்டான். சாப்பாடு அக்காள் மகள் ரீபா கையில் போகும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஒருநாள் பிரியாதவர்கள், நூறு அடி தள்ளி ஒருத்தரையொருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டு பதினாறு மாசம் இருந்தார்கள்.

கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நேசையா டீச்சரிடம் போனான். டீச்சர் நின்றுகொண்டே டிக்ஷனரியைப் புரட்டிப் பார்த்து, கொடுத்த சபைதான் எடுக்கணும், எடுத்தால் மூணு வார்த்தையையும் சேர்த்துத்தான் எடுக்கணும், மூணு பேரும் சம்மதிக்கணும் என்றாள். ஐயம்பெருமாள் உடனே சரி என்றார். சபை கூடியது. நேசையா வந்ததும் எல்லாரும் எந்திச்சார்கள், அவனை ஓரமாக உட்கார வைத்த பிறகுதான் பேச்சே தொடங்க முடிந்தது. பாலசுப்பிரமணியன் மேலே முகட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, எனக்காக இல்ல, அவ முட்டிக்காக இறங்குங்க" என்று நேசையா கேட்டான்.

"எனக்கு இறங்க மனசில்ல வே. இங்கேருந்து ஆறு தெரியுது" என்றார் அவர். சபை கலைந்தது. அடுத்த வருஷமும் கூடியது, அதே பதில்தான்.

அந்த மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முந்தி, ஜெபராணி சுற்றின பீடியைக் கடையில் கொடுக்க ரீபாவைப் பிடித்துக்கொண்டு முக்கூடல் வரை போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்து நேசையா வீட்டுக்குள் போய், கருகிப் போயிருந்த சுவிட்சை மாற்ற உட்கார்ந்தான். பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அவள் உள்ளே வந்து, பையை வைத்து, சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கால் நீட்டின பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் உக்காந்துல்லா இருக்கேன்" என்றாள். ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து விழுந்ததைக்கூட அவன் எடுக்கவில்லையாம்.

வருகிற ஆளுக்குத்தான் அந்த வார்த்தை மரியாதை செய்கிறது, இருக்கிற ஆளுக்கு இல்லை. இவ்வளவுதான் விஷயம். பதினாறு மாசம் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் நேசையா வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு ஜெபராணி பைய நடந்து தெருவில் அடிபம்புப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அவன் தெருவில் வருவான், ஊர் எந்திக்கும், எருமை எந்திக்கும், அவன் வீட்டுக்குள் போய் உட்காருவான். பிறகு அவள் போவாள். தெரு இதைப் பார்த்துப் பார்த்து, பால்காரன் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டது. நேசையா வருகிற நேரத்தை வைத்து அடுப்பில் அரிசி போடுகிறவர்களும் உண்டு. பாலசுப்பிரமணியன் கூரையில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டார், மழைக்காலத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அவரிடம்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

இந்த அடிபம்பு விவகாரத்தை மற்றவர்கள் சொல்லி நான் நம்பவில்லை. நேரில் பார்க்கலாம் என்று ஒருநாள் போய் அவர்கள் வாசலுக்கு எதிரே நின்றேன். நின்றேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் நான் எந்திச்சேன் என்று கதை கட்டுவான்கள். சொன்னபடியே அவன் போனான், உட்கார்ந்தான், அவள் வாசல்படியில் கால் வைத்தாள். உடனே நேசையா எந்திச்சு நின்றான்.

"நீங்க எதுக்கு எந்திக்கிய?" என்றாள்.

"நீ வாறல்லா" என்றான். அவள் சுவரைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

அவள் பேர் எந்த நோட்டீஸிலும் இல்லை, எந்த மைக்கிலும் வாசிக்கவில்லை. அவளுக்கும் ஏதாவது வார்த்தை இருக்கிறதா என்று டீச்சரிடம் போய்க் கேட்டேன். கொடுக்கவில்லையே என்றாள். அப்படியானால் அவன் தானாகத்தான் எந்திக்கிறான் என்று ஆகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதினாறு மாசம் கொட்டகையில் கிடந்தவன் கொஞ்ச நாளைக்கு எதற்கும் எந்திப்பான், போகப் போக உட்கார்ந்த இடத்திலிருந்தே 'வா' என்பான். நாளைக்குப் பார்ப்போம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனேன், எந்திச்சான். ரெண்டு வருஷமாக அந்த வாசலிலிருந்து நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன்.